எதில் 75 சதவீதம்?

காலை ஆறரை மணிக்குச் சமையலறையில் நின்றுகொண்டு காபியில் வெண்ணெய் கரைத்த காலம் ஒன்று எனக்கு உண்டு. இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய், மிக்சியில் ஒரு சுற்று. நுரை பொங்கி வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். குடித்து முடித்ததும் உதட்டுப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, கைபேசியில் இருந்த உணவுக் கணக்குச் செயலியில் அதைப் பதிவு செய்வேன். கொழுப்புக்கான வட்டம் கொஞ்சம் நிரம்பும். எனக்கும் மனசு நிரம்பும்.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கியபோது என் எடை 88 கிலோ. முதல் வாரத்திலேயே 3 கிலோ இறங்கியது. அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பு, கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் கிளைக்கோஜன் தீரும், அதோடு அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த 3 கிலோவைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் மெல்ல இன்னும் ஒன்றரை கிலோ. அத்தோடு சரி. ஐந்து வாரம் எடை மெஷின் அதே எண்ணைக் காட்டியது.

இத்தனைக்கும் நான் எதையும் மீறவில்லை. மாவுச்சத்து ஒரு நாளும் 25 கிராமைத் தாண்டவில்லை. சர்க்கரை, ரொட்டி எதையும் தொடவில்லை. கலோரியில் 75 சதவீதம் கொழுப்பிலிருந்து வர வேண்டும் என்று படித்திருந்தேன். எனக்கு 78 வந்துகொண்டிருந்தது. செயலி தினமும் பச்சை காட்டியது. சில நாள் சாயங்காலம் பார்த்தால் 71 சதவீதத்தில் நிற்கும். அப்போது ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டு கொழுப்பு உருண்டைகளை எடுத்து வாயில் போடுவேன். வெண்ணெயும் கோகோவும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து உறைய வைத்தவை. கீட்டோக்காரர்கள் அதற்கு ‘ஃபேட் பாம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பசியே இருக்காது. சதவீதத்துக்குத்தான் பசி.

என் அக்கா கணக்கு டீச்சர். ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது அந்த உருண்டையைப் பார்த்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு கொழுப்புடா சாப்பிடுற?”

“75 சதவீதம், அக்கா.”

“எவ்வளவுன்னு கேட்டேன். சதவீதம் எப்படி அளவாகும்? எதுல 75 சதவீதம்?”

“சாப்பிடுறதுல.”

“சரி. நீ ரெண்டு மடங்கு சாப்பிட்டாலும் அதே 75 தானே வரும்? பாதி சாப்பிட்டாலும் அதே 75 தானே?”

நான் பதில் சொல்லவில்லை. வாயில் உருண்டை இருந்தது.

அன்று இரவு, கீட்டோ தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, சதவீதத்தை மறைத்துவிட்டுக் கிராமை மட்டும் கூட்டிப் பார்த்தேன். காலைக் காபியில் 37 கிராம் கொழுப்பு. மூன்று முட்டை ஆம்லெட், அதைப் பொரிக்க ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், மேலே தூவிய 60 கிராம் சீஸ் எல்லாம் சேர்த்து 47. மதியம் தோலோடு சமைத்த கோழியும் அதன்மேல் ஊற்றிய கிரீமும் 63. சாயங்கால உருண்டைகள் 24. இரவு மீனும் சாலடும். சாலடின் மேல் ஊற்றிய எண்ணெயே முக்கால்வாசி, சுமார் 40. மொத்தம் 211 கிராம். கிராமுக்கு 9 கலோரி. கொழுப்பிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1,900 கலோரி உள்ளே போயிருக்கிறது. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து இன்னொரு 520. ஆக 2,400 சொச்சம். என் எடைக்கும் உயரத்துக்கும் நடமாட்டத்துக்கும் ஒரு நாள் செலவு, உத்தேசமாக, 2,300. முள் ஏன் அசையவில்லை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அக்காவின் கேள்விக்கு விடை இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. உடம்பு ஒரு நாளில் எரிப்பது 2,300. அதில் 25 கிராம் மாவுச்சத்து 100 கலோரி தருகிறது. 105 கிராம் புரதம் 420. மீதி 1,780 கலோரியும் கொழுப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். அது கிட்டத்தட்ட 198 கிராம். 2,300-இல் அது 77 சதவீதம். ஆக, கீட்டோவில் சொல்லப்படும் அந்த எழுபத்துச் சொச்சம் சதவீதம் பொய்யில்லை. ஆனால் அது உடம்பு எரிக்கும் எரிபொருளின் கணக்கு. அந்த 198 கிராமும் தட்டிலிருந்து வர வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. இடுப்பைச் சுற்றிக் கிலோக் கணக்கில் வைத்திருக்கிறேனே, அதுவும் கொழுப்புதானே!

ஒரு நாளைக்கு 600 கலோரி பற்றாக்குறை வைக்க முடிவு செய்தேன். அப்படியென்றால் தட்டில் 131 கிராம் கொழுப்பு போதும். மிச்சம் 67 கிராமை உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இப்போது தட்டைப் பார்த்தால் கொழுப்பு 69 சதவீதம்தான். செயலி மஞ்சள் காட்டும். உடம்புக்குள் அதே பழைய 77. நாளைக்கு 67 கிராம் என்றால் மாதத்துக்கு 2 கிலோ சுத்தமான கொழுப்பு. கொழுப்புத் திசுவில் கொஞ்சம் தண்ணீரும் கலந்திருப்பதால் மெஷினில் இரண்டேகால் கிலோவுக்குப் பக்கத்தில் தெரியும். கிலோவுக்கு 7,700 கலோரி என்று பொதுவாகச் சொல்லும் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது.

இதில் வரிசைதான் முக்கியம். மாவுச்சத்துக்கு ஒரு மேல்வரம்பு, பெரும்பாலும் 20 முதல் 50 கிராமுக்குள். புரதத்துக்கு உடல் எடையை வைத்து ஓர் இலக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்பது நிதானமான அளவு, மிகப் பருமனானவர்கள் இருக்கும் எடைக்குப் பதில் இருக்க வேண்டிய எடையை வைத்துப் போட்டுக்கொள்ளலாம். இவை இரண்டும் முடிவான பிறகு கொழுப்பு. பசி தாங்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஊற்றிக்கொள்வது, அதற்குமேல் இல்லை. நான் தலைகீழாகச் செய்திருந்தேன். கொழுப்பை முதலில் நிரப்பிவிட்டு மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கினேன்.

எனக்கு ஏன் இந்தக் குழப்பம் வந்தது என்று தேடியபோது நூறு வருடத்துக்கு முந்தைய கதைக்குப் போய்ச் சேர்ந்தேன். கீட்டோ எடை குறைக்கப் பிறந்த உணவுமுறையே கிடையாது. வலிப்பு நோய்க்குப் பட்டினி ஒரு வைத்தியமாக இருந்தது. உண்ணாமல் இருந்தால் வலிப்பு குறைவதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற மருத்துவர், சாப்பிட்டுக்கொண்டே பட்டினியின் விளைவை வரவழைக்கலாம் என்று யோசனை சொன்னார். கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளை உண்டாக்கும். கீட்டோஜெனிக் டயட் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அதே மருத்துவமனையின் மைனி பீட்டர்மேன் 1925-இல் அளவுகளைச் சொன்னார்: புரதம் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 1 கிராம், மாவுச்சத்து நாளைக்கு 10 முதல் 15 கிராம், மீதியெல்லாம் கொழுப்பு.

‘மீதியெல்லாம்’. அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அப்போதே கொழுப்பு என்பது கழித்து மிஞ்சியதுதான்! ஆனால் அங்கே அந்த மீதி முழுவதும் தட்டிலிருந்து வந்தாக வேண்டும். வளரும் பிள்ளை இளைத்துவிடக் கூடாது. எடை ஏற வேண்டும், வலிப்பு மட்டும் நிற்க வேண்டும். இன்றும் வலிப்புக்குத் தரும் செந்தர முறையில், கிராம் கணக்கில், ஒரு பங்கு புரதம்-மாவுச்சத்துக்கு நாலு பங்கு கொழுப்பு. கலோரியில் அது 90 சதவீதம். அந்த வைத்தியத்துக்கு மருத்துவரும் உணவியலாளரும் பக்கத்தில் இருந்து கிராம் கிராமாக அளக்கிறார்கள். எடை குறைக்க வந்தவர்கள் அந்தச் சமையல் குறிப்பைக் கொஞ்சம் தளர்த்தி எடுத்துக்கொண்டோம். அது எதற்காக எழுதப்பட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

சரி, மீதியை உடம்பே தரும் என்றால் தட்டில் கொழுப்பே வேண்டாமே? இந்த யோசனையும் எனக்கு வந்தது. ஆத்திரக்காரனுக்கு வராமல் இருக்குமா? தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, முட்டை வெள்ளைக்கரு, இலைகள் என்று நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன். நாலாம் நாள் மாலை எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். சாப்பிட்டு எழுந்த அரை மணியில் மறுபடி ஏதாவது வேண்டும் போல இருந்தது. வயிறு கட்டிவிட்டது.

இதைப் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. வில்ஜால்மர் ஸ்டெஃபான்சன் என்ற ஆர்க்டிக் ஆய்வாளர், இன்யூட் மக்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்து, இறைச்சியும் மீனுமே சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. 1928-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் கண்காணிப்பில் அவரும் ஒரு நண்பரும் வெறும் இறைச்சியில் ஒரு வருடம் இருந்து காட்ட ஒப்புக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளிலேயே குமட்டல், வயிற்றுப்போக்கு, ஆள் துவண்டுவிட்டார். கொழுப்புள்ள இறைச்சி கொடுத்ததும் தெளிந்தார். வடக்கே இதை ‘முயல் பட்டினி’ என்பார்கள். முயலின் உடம்பில் கொழுப்பு அவ்வளவு குறைவு, வயிறு முட்டத் தின்றாலும் ஆள் மெலிந்து நோயில் விழுவான். புரதத்தை எரிபொருளாக்கும் கல்லீரலின் திறனுக்கு ஓர் எல்லை இருக்கிறது.

வேறு காரணங்களும் உண்டு. லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பிட்டுத்தான் பெற வேண்டும். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்துதான் ஒழுங்காக உறிஞ்சப்படும். பலருக்கும் தெரியாத ஒன்று பித்தப்பை: கொழுப்பு வந்தால்தான் அது சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும். கொழுப்பே இல்லாமல் வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தநீர் தேங்கிக் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. நான் எனக்கென்று போட்டுக்கொண்ட தரைமட்டம் 60 கிராம். எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதற்குக் கீழே போவதில்லை.

கீட்டோன் அளக்கும் பட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்த மோகத்திலும் சில மாதம் கிடந்தவன் நான். சிறுநீரில் நனைத்தால் ஊதா நிறமாகும் பட்டை. ஆழ்ந்த ஊதா வந்தால் அன்றைக்குத் தீபாவளி. அது அளப்பது உடம்பு பயன்படுத்தாமல் வெளியே கொட்டிய அசிட்டோஅசிட்டேட் என்ற ஒருவகைக் கீட்டோனை. நாளாக நாளாக உடம்பு கீட்டோனைச் செலவழிக்கப் பழகிக்கொள்வதால் நிறம் வெளிறிப்போகும்; வெளிறியதும் நான் பதறி இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினேன். பிறகு விரலில் குத்தி ரத்தத்தில் பார்க்கும் கருவி வாங்கினேன். லிட்டருக்கு 0.5 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் கீட்டோசிஸ், அதாவது உடம்பு கீட்டோனில் ஓடும் நிலை, என்று கணக்கு. எம்சிடி எண்ணெய் குடித்த அன்று எண் ஜோராக ஏறியது. ஏறாமல் என்ன? அந்த எண்ணெயின் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு நேரே கல்லீரலுக்குப் போய் உடனே கீட்டோனாகிறது. கருவி காட்டியது நான் குடித்த எண்ணெயை. என் தொப்பை அதில் ஒரு கிராம்கூடக் கலந்திருக்காது. கருவி இப்போது அலமாரியில் தூங்குகிறது.

கொழுப்பு பசியை அடக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். பாதி உண்மை என்பது என் அனுபவம். கொழுப்பு இரைப்பையை மெதுவாகக் காலியாக்குகிறது என்பது சரி; ஆனால் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் 120 கலோரி, அது வயிற்றில் பிடிக்கும் இடமோ ஒரு வாய்த் தண்ணீர் அளவு. 2021-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்க வைத்து, இரண்டு வாரம் கீட்டோ, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு, இஷ்டம்போல் சாப்பிடுங்கள் என்று விட்டது. கொழுப்பு குறைந்த உணவின்போது அவர்கள் நாளைக்குச் சுமார் 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் இரண்டு வாரம் குறுகிய காலம். 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தபோது, கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றே முடிவு. எனக்குக் கீட்டோ ஒத்துவருவதற்குக் காரணம் மாவுச்சத்தை ஒரு வாய் தொட்டால் நிறுத்தத் தெரியாதது. உங்களுக்கு அந்தக் கோளாறு இல்லையென்றால் இந்தப் பாடெல்லாம் அவசியமா என்று நீங்களே யோசிக்கலாம்.

அளவு ஒருபுறம், எந்தக் கொழுப்பு என்பது இன்னொரு புறம். வெண்ணெய்க் காபிக் காலத்தின் முடிவில் ரத்தம் பரிசோதித்தேன். கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்டிஎல் 128-லிருந்து 176-க்குப் போயிருந்தது. ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் நன்றாகக் குறைந்திருந்ததால் அதைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தேன்.

“அது நல்ல விஷயம்தான். ஆனா இதை அது ஈடு கட்டாது, சார். வெண்ணெய், கிரீம் எல்லாம் எவ்வளவு எடுக்கறீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெண்ணெயிலும் கிரீமிலும் தேங்காய் எண்ணெயிலும் நிறைந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும் என்பது பல காலம் சோதித்து நிலைத்த விஷயம். கீட்டோவில் எல்லோருக்கும் ஏறுவதில்லை, சிலருக்கு எகிறுகிறது. உலக சுகாதார நிறுவனம் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் அதை வைக்கச் சொல்கிறது. நான் 40-ஐத் தொட்டிருப்பேன். காபியை வெறும் காபியாக்கினேன். தேங்காய் எண்ணெய் போய் ஆலிவ் எண்ணெய் வந்தது; கிரீமுக்குப் பதில் அவகாடோ, சீஸுக்குப் பதில் பாதாம், வாரத்தில் மூன்று நாள் கொழுப்புள்ள மீன். மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 139. எடையும் இறங்கியிருந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாதாமை மட்டும் டப்பாவோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நூறு கிராமில் பாதி கொழுப்பு, பேச்சு சுவாரசியத்தில் காலியாகிவிடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதையெல்லாம் தாங்களாகத் தொடங்கக் கூடாது. குறிப்பாகச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரையோடு கீட்டோ சேர்ந்தால் ரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாகலாம், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே. கர்ப்பிணிகள், கணையமோ பித்தப்பையோ தொந்தரவு கொடுத்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அதே பேச்சுதான்: முதலில் மருத்துவர்.

131 கிராமில் வாழ்க்கை எப்படி இருந்தது? பெரிய தியாகம் எதுவும் இல்லை. காபியும் உருண்டையும் போனதிலேயே 61 கிராம் போய்விட்டது. சாலட் எண்ணெயைப் புட்டியிலிருந்து ஊற்றாமல் கரண்டியில் அளந்ததில் இன்னும் கொஞ்சம். முதல் மாதம் 2 கிலோ, இரண்டாம் மாதம் ஒன்றேமுக்கால். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது, எனவே வழியில் ஒருமுறை 120-க்கு இறக்கினேன். ஐந்தாவது மாதம் 76 கிலோவைத் தொட்டேன். அங்கே நிறுத்த முடிவு செய்தபோதுதான் கணக்கின் அடுத்த பக்கம் திறந்தது. இனி உடம்பின் கையிருப்பிலிருந்து ஒரு கிராமும் எடுக்கப்போவதில்லை. அப்போது மீதி முழுவதும் தட்டிலிருந்து வர வேண்டும். மாவுச்சத்தை 40 கிராமுக்கு ஏற்றி, புரதத்தை அப்படியே வைத்து, 2,050 கலோரிக்குக் கழித்துப் பார்த்தால் 163 கிராம் கொழுப்பு வருகிறது. வாரத்துக்கு 10 கிராம் வீதம் கூட்டிக்கொண்டு போவது என்று திட்டம்.

அக்காவுக்கு போன் செய்து, கணக்கு சரியா பார் என்று எல்லா எண்களையும் வாசித்தேன். பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டு, சரிதான் என்றாள்.

“அப்ப நாளையிலேர்ந்து எனக்குக் கொழுப்பைக் கூட்டணும், அக்கா.”

“ஏன்டா, இப்ப இருக்கிறது போதாதா?” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.